கண்ட சாட்சியும் கேட்ட கேள்வியும்

(கல்லூரி உளவியல் துறை ஏற்பாடு செய்த பொதுக் கூட்டத்தில், உளவியல் மாணவர்களும் சட்டக் கல்லூரி மாணவர்களும் நிறைந்த அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்தப் பருவத்தில் உங்களுக்குக் கட்டுரைத் தலைப்பாகக் கொடுத்திருப்பது, “நேரில் கண்ட சாட்சியின் சொல்லை எவ்வளவு தூரம் நம்பலாம்?” என்ற கேள்வி. அதையே இன்றைய உரைக்கும் பொருளாக எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டேன். உளவியலில் நாம் படிக்கும் பாடங்களில், ஒரு மனிதன் சிறைக்குப் போவதா வீட்டுக்குப் போவதா என்பதோடு இவ்வளவு நெருக்கமாகச் சம்பந்தப்பட்டது வேறொன்று எனக்குத் தெரியவில்லை.

இந்தத் தலைப்பில் மாணவர்கள் எழுதிய கட்டுரைகள் நிறையப் படித்திருக்கிறேன். பெரும்பாலும் ஒரே வார்ப்பு. முதல் பத்தியில், “கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்” என்ற பழமொழி. இரண்டாம் பத்தியில் எலிசபெத் லாஃப்டஸ், கார் விபத்து, உடைந்த கண்ணாடி. மூன்றாம் பத்தியில், “ஆகவே மனித நினைவு நம்பத்தகாதது, நேரில் கண்ட சாட்சியை நம்பித் தீர்ப்பு வழங்கக் கூடாது” என்ற முடிவு. தேர்ச்சி மதிப்பெண் வந்துவிடும். ஆனால் அந்த முடிவை அந்த ஆய்வுகள் சொல்லவில்லை. பழமொழியிலும் மாணவர்கள் முதல் இரண்டு பகுதியோடு நின்றுவிடுகிறார்கள். இந்தத் துறை ஐம்பது ஆண்டுகளாக உழைத்து வந்திருப்பது மூன்றாவது பகுதியில்: தீர விசாரிப்பது என்றால் என்ன, எதை முதலில் கேட்பது, யார் கேட்பது, எப்போது கேட்பது.

நான் சொல்ல வந்ததை இப்போதே சொல்லிவிடுகிறேன். சாட்சியின் நினைவு பல நேரங்களில் நாம் நினைப்பதைவிட நன்றாகவே இருக்கிறது. அதைக் கெடுப்பது பெரும்பாலும் கேட்கிற விதம். முதலில் சொன்னதைப் பத்திரப்படுத்தாமல் விட்டுவிட்டு, கடைசியில் சொல்வதைப் பெரிதாக எடுத்துக்கொள்கிறோம். தவறு அங்கேதான் நடக்கிறது.

லாஃப்டஸ் ஆய்விலிருந்தே தொடங்குவோம். 1974-ல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பால்மரும் செய்த ஆய்வு அது. எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். மூலக் கட்டுரையைத் தேடி எடுத்துப் படித்தவர்கள் குறைவு. அது ஐந்தே பக்கம். முதல் சோதனையில் 45 மாணவர்கள். குழுவுக்கு ஒன்பது பேராக ஐந்து குழுக்கள். சாலை விபத்துக் காட்சிகள் ஏழு. ஒவ்வொன்றையும் பார்த்த பிறகு, நடந்ததை எழுதச் சொல்லி, வரிசையாகச் சில கேள்விகள் கேட்டார்கள். அவற்றுள் ஒரே ஒரு கேள்விதான் முக்கியம்: கார்கள் மோதியபோது எவ்வளவு வேகத்தில் போயின? அதில் ஒரு வினைச்சொல் மட்டும் குழுவுக்குக் குழு மாறியது. நம் மொழியில் கிட்டத்தட்டச் சொன்னால், ஒரு குழுவிடம் ‘நொறுங்க மோதியபோது’ என்று கேட்டார்கள். மற்ற குழுக்களிடம் ‘மோதிக்கொண்டபோது’, ‘முட்டிக்கொண்டபோது’, ‘இடித்தபோது’, ‘தொட்டுக்கொண்டபோது’ என்று படிப்படியாக வேகம் குறைந்த சொற்களில் கேட்டார்கள். ‘நொறுங்க மோதியபோது’ என்று கேட்கப்பட்டவர்களின் சராசரி மதிப்பீடு மணிக்கு 40 மைலுக்குச் சற்று மேல். ‘தொட்டுக்கொண்டபோது’ என்று கேட்கப்பட்டவர்களுக்கு 31.8 மைல். ஒரு சொல் சுமார் ஒன்பது மைல் வித்தியாசத்தை உண்டாக்கியது.

இதுவரை உங்கள் பாடநூலில் இருக்கும். அதே கட்டுரையில் இன்னொரு செய்தி இருக்கிறது. பாடநூல்கள் அதைப் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன. அந்த ஏழு காட்சிகளில் நான்கு, வேண்டுமென்றே கார்களை மோதவிட்டு எடுத்தவை. ஆகவே அவற்றின் உண்மையான வேகம் தெரியும். ஒன்று 20 மைல், ஒன்று 30, இரண்டு 40. மாணவர்கள் சொன்ன சராசரியைக் கேளுங்கள். 20 மைல் வேகத்துக்கு 37.7. 30 மைலுக்கு 36.2. 40 மைல் காட்சிகள் இரண்டுக்கும் 39.7, 36.1. இருபது மைல் வேகத்தில் வந்த கார், முப்பது மைலில் வந்த காரைவிட வேகமாகப் போனதாகத் தெரிந்திருக்கிறது! மனிதர்களுக்கு வேகத்தைக் கணக்கிடவே சரியாக வராது. எந்தச் சங்கதியில் சாட்சிக்கு உள்ளே பிடிமானம் இல்லையோ, அந்த இடத்தில்தான் கேள்வியில் உள்ள சொல் புகுந்துகொள்கிறது. இது ஒரு வரியில் உங்கள் கட்டுரையில் வந்துவிட்டால், உங்கள் கட்டுரை மற்றவற்றிலிருந்து தனியே தெரியும். ஏனென்றால் அந்தக் கணத்தில் நீங்கள் லாஃப்டஸைப் பற்றிக் கேள்விப்பட்டவராக இல்லாமல், லாஃப்டஸைப் படித்தவராக ஆகிவிடுகிறீர்கள்.

இரண்டாவது சோதனையில் 150 பேர். ஒரு நிமிடத்துக்கும் குறைவான படம். அதில் விபத்து நான்கு விநாடி. ஐம்பது பேரிடம் ‘நொறுங்க மோதியபோது’ என்றும், ஐம்பது பேரிடம் ‘இடித்தபோது’ என்றும் வேகத்தைக் கேட்டார்கள். மீதி ஐம்பது பேரிடம் வேகத்தைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. ஒரு வாரம் கழித்து, படத்தைத் திரும்பக் காட்டாமல், “உடைந்த கண்ணாடி எதையாவது பார்த்தீர்களா?” என்று கேட்டார்கள். படத்தில் உடைந்த கண்ணாடி கிடையாது. முதல் குழுவில் 16 பேர் பார்த்ததாகச் சொன்னார்கள். இரண்டாம் குழுவில் 7 பேர். எதுவும் கேட்கப்படாதவர்களில் 6 பேர்.

இரு மடங்குக்கு மேல் என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் அந்த ஐம்பது பேரில் 34 பேர், அவ்வளவு பலமான சொல்லால் கேட்கப்பட்ட பிறகும், “இல்லை, பார்க்கவில்லை” என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். அவர்களையும் கணக்கில் சேர்க்க வேண்டாமா? இந்த ஆய்வு, கேள்வியின் சொல்லுக்குச் சிலர் நினைவில் இல்லாததைச் சேர்த்துவிடும் சக்தி உண்டு என்று நிரூபிக்கிறது. மனித நினைவு மொத்தமும் பொய் என்று நிரூபிக்கவில்லை. லாஃப்டஸும் பால்மரும் அப்படி எங்கும் எழுதவில்லை. வேக மதிப்பீட்டைப் பொறுத்தவரை, நினைவே மாறிவிட்டதா அல்லது பதில் மட்டும் சொல்லின் பக்கம் சாய்ந்துவிட்டதா என்ற கேள்வியை அவர்களே எழுப்பி, அதற்கு விடை தேடித்தான் இரண்டாவது சோதனையைச் செய்தார்கள். நல்ல ஆய்வாளர் தன் முடிவை எப்படிச் சந்தேகிக்கிறார் என்று பார்ப்பதற்காகவாவது அந்த ஐந்து பக்கங்களைப் படியுங்கள்.

அடுத்து நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி: வகுப்பறையில் திரையில் விபத்தைப் பார்க்கும் மாணவரும், தெருவில் ரத்தம் சிந்துவதைப் பார்க்கும் மனிதரும் ஒன்றா? திரையைப் பார்ப்பவருக்கு உயிர்ப் பயம் இல்லை. தவறாகச் சொன்னால் ஒருவர் சிறைக்குப் போவார் என்ற கவலையும் இல்லை.

இதற்கு விடை தேடியவர்கள் கனடாவில் ஜான் யூயில், ஜூடித் கட்ஷால் என்ற இருவர். 1986-ல் வெளியான ஆய்வு. வான்கூவர் பகுதியில் ஒரு துப்பாக்கிக் கடையில் பட்டப்பகலில் திருட்டு. கடைக்காரரைக் கட்டிப்போட்டுவிட்டுப் பணத்தையும் துப்பாக்கிகளையும் எடுத்துக்கொண்டு திருடன் வெளியே போகிறான். கட்டவிழ்த்துக்கொண்ட கடைக்காரர், கார் எண்ணைப் பார்த்துவிடலாம் என்று கைத்துப்பாக்கியோடு வெளியே வருகிறார். திருடன் அவரைச் சுடுகிறான். காயத்தோடு அவர் திருப்பிச் சுடுகிறார். திருடன் அங்கேயே இறந்துபோகிறான், கடைக்காரர் பிழைத்துக்கொள்கிறார். காவல்துறை 21 சாட்சிகளை விசாரித்தது. நான்கைந்து மாதங்கள் கழித்து, அவர்களில் சம்மதித்த 13 பேரை ஆய்வாளர்கள் மறுபடியும் விசாரித்தார்கள். லாஃப்டஸ் பாணியில் பொடி வைத்த கேள்விகளையும் கேட்டுப் பார்த்தார்கள். உடையாத முகப்பு விளக்கை உடைந்ததாக வைத்து ஒரு கேள்வி. காரில் இல்லாத மஞ்சள் நிறப் பகுதியைப் பற்றி ஒரு கேள்வி. பெரும்பாலோர் ஏமாறவில்லை. “அப்படி எதுவும் இல்லை” என்றார்கள். அல்லது “கவனிக்கவில்லை” என்றார்கள். மாதங்கள் கடந்தும் அவர்கள் சொன்ன விவரங்களில் ஐந்தில் நான்கு பங்கு சரியாகவே இருந்தது. பிழைகள் பெரும்பாலும் நிறம், வயது, உயரம், எடை போன்றவற்றில்.

இதைப் படித்தவுடன், “சாட்சிகள் நம்பத்தகுந்தவர்களே” என்று எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடாதீர்கள். 13 பேர், ஒரே சம்பவம். அவர்களும் பேச விருப்பப்பட்டு வந்தவர்கள். மறுத்தவர்களின் நினைவு எப்படி இருந்தது என்று அந்த ஆய்வால் சொல்ல முடியாது. மிகவும் பதற்றப்பட்டதாகச் சொன்னவர்கள், சம்பவத்துக்கு மிக அருகில் நின்றவர்களும்கூட. அவர்கள் நன்றாக நினைவு வைத்திருந்தது பதற்றத்தாலா, அருகில் இருந்ததாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது. அதோடு, அங்கே இறந்து கிடப்பவன் யார் என்று எல்லோருக்கும் தெரியும். முகத்தை அடையாளம் காட்ட வேண்டிய வேலையே அந்தச் சாட்சிகளுக்கு இல்லை. நடந்ததைச் சொல்வது வேறு. முன்பின் தெரியாத ஒருவனின் முகத்தை ஆறு முகங்களுக்கு நடுவே கண்டுபிடிப்பது வேறு. இந்த இரண்டையும் கலந்து எழுதுவது, மாணவர் கட்டுரைகளில் நான் அதிகம் பார்க்கும் குறை.

முகத்தை அடையாளம் காட்டுவதில் என்னென்ன கோளாறுகள் வரும் என்பதற்கு நீண்ட ஆய்வு வரலாறு உண்டு. ஹார்வர்டில் ஹூகோ முன்ஸ்டர்பெர்க் 1908-லேயே சாட்சிகளின் உளவியலைப் பற்றிப் புத்தகம் எழுதினார். அமெரிக்கச் சட்ட அறிஞர் விக்மோர் அடுத்த ஆண்டே அவரைக் கற்பனை நீதிமன்றக் கூண்டில் ஏற்றிக் கடுமையாகக் கிண்டல் செய்தார். பிறகு பல பத்தாண்டுகள் சட்டமும் உளவியலும் பேசிக்கொள்ளவே இல்லை. அது பெரிய இழப்பு. 1978-ல் கேரி வெல்ஸ் என்ற உளவியலாளர் ஒரு வகைப்பாட்டைச் செய்தார். இருட்டு, தூரம், பார்த்த நேரம், கையில் இருந்த ஆயுதம், பயம், வேற்று இனத்தவர் முகம் ஆகியவை ஒரு பக்கம். அவற்றை நம்மால் மாற்ற முடியாது. எப்படி விசாரித்தோம், சந்தேக நபரைப் பலரோடு நிற்க வைத்துக் காட்டும் அடையாள அணிவகுப்பை எப்படி நடத்தினோம், என்ன சொன்னோம் ஆகியவை மறுபக்கம். இவை முழுக்க நம் கையில் இருப்பவை. உங்கள் கட்டுரையின் கனம் இந்த இரண்டாவது பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஏன் என்று ஒரு வழக்கை வைத்துச் சொல்கிறேன்.

1984 ஜூலை மாதம், அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் பர்லிங்டன் என்ற ஊர். 22 வயதுக் கல்லூரி மாணவி ஒருவரின் வீட்டுக்குள் இரவில் ஒருவன் புகுந்து, கத்தியைக் காட்டிப் பாலியல் வன்கொடுமை செய்கிறான். அந்த நேரத்திலும் அந்தப் பெண் மனதைத் திடப்படுத்திக்கொண்டு அவன் முகத்தை உற்றுப் பார்க்கிறார். உயிரோடு தப்பினால் இவனை அடையாளம் காட்ட வேண்டும் என்பது அவருடைய எண்ணம். இதைவிடக் கவனமான சாட்சி கிடைக்க மாட்டார். காவல்துறை ஆறு புகைப்படங்களைக் காட்டியது. ஐந்து நிமிடம்போல் பார்த்துவிட்டு, ரொனால்ட் காட்டன் என்ற இளைஞனின் படத்தை எடுத்து, “இவன்தான் என்று நினைக்கிறேன்” என்கிற அளவில் சொன்னார். பிறகு நேரடி அணிவகுப்பு. அதில் நான்காவதாக நின்றவருக்கும் ஐந்தாவதாக நின்றவருக்கும் இடையே தயங்கி, கடைசியில் ஐந்தாவதாக நின்ற காட்டனைக் காட்டினார். புகைப்படத்திலும் இருந்து, நேரிலும் நின்ற ஒரே ஆள் காட்டன்தான். அதன் பின், புகைப்படத்தில் காட்டியதும் இதே ஆளைத்தான் என்று காவலர்கள் அவரிடம் சொன்னார்கள். அவர் மனம் நிம்மதியடைந்தது. நீதிமன்றத்துக்கு வரும்போது அவருக்குத் துளியும் சந்தேகம் இல்லை. காட்டனுக்கு ஆயுள் தண்டனை.

1987-ல் மறு விசாரணை நடந்தபோது பாபி பூல் என்ற வேறொரு கைதியை நீதிமன்றத்துக்கு அழைத்து வந்தார்கள். உண்மைக் குற்றவாளி அவன்தான் என்று காட்டன் தரப்பு சொன்னது. அவனை நேருக்கு நேர் பார்த்த அந்தப் பெண், இவனை என் வாழ்நாளில் பார்த்ததே இல்லை என்றார். காட்டனுக்கு மறுபடியும் தண்டனை. 1995-ல் மரபணுச் சோதனை வந்தது. குற்றவாளி பாபி பூல். பத்தரை ஆண்டு சிறைவாசத்துக்குப் பின் காட்டன் விடுதலையானார். பின்னர் அந்தப் பெண்ணும் காட்டனும் சேர்ந்து புத்தகம் எழுதினார்கள். சாட்சி விசாரணை முறையை மாற்ற ஒன்றாக மேடையேறிப் பேசினார்கள். 2007-ல் வட கரோலினா, அடையாளம் காட்டும் முறையை ஒழுங்குபடுத்தத் தனிச் சட்டமே இயற்றியது.

இந்த வழக்கில் அந்தப் பெண்ணின் நினைவு பலவீனமானது என்று எழுதுவது அநியாயம். அவருடைய முதல் பதிலில் தயக்கம் இருந்தது. அந்தத் தயக்கம் உண்மையைச் சொன்னது. அதைக் கேட்க யாரும் இல்லை. கண் முன்னால் திரும்பத் திரும்ப வைக்கப்பட்ட காட்டனின் முகம், அன்றிரவு பார்த்த முகத்தின் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. ஆகவேதான் உண்மைக் குற்றவாளி எதிரே வந்து நின்றபோதும் அடையாளம் தெரியவில்லை.

“சரியான ஆளைக் காட்டினீர்கள்” என்ற ஒரு சொல் என்ன செய்யும் என்பதை வெல்ஸும் ஏமி பிராட்ஃபீல்டும் 1998-ல் அளந்து காட்டினார்கள். கடைக்குள் ஒருவன் நுழையும் கண்காணிப்புக் கேமராப் பதிவைக் காட்டி, அவன்தான் பிறகு காவலாளியைச் சுட்டவன் என்று சொல்லி, புகைப்பட வரிசையில் கண்டுபிடிக்கச் சொன்னார்கள். வரிசையில் அந்த ஆளே இல்லை. அடையாளம் காட்டிய அனைவரும் தவறான ஆளையே காட்டினார்கள். சிலரிடம் மட்டும், “நல்லது, சந்தேகப்பட்ட ஆளைத்தான் காட்டியிருக்கிறீர்கள்” என்றார்கள். அவர்களுடைய உறுதி ஏறியது மட்டுமல்ல. முகத்தை நன்றாகப் பார்த்தேன், கவனமாகப் பார்த்தேன், சீக்கிரம் கண்டுபிடித்தேன், சாட்சி சொல்லவும் தயார் என்று எல்லாமே ஏறின. ஒரு பாராட்டுச் சொல், பார்த்த அனுபவத்தையே திருத்தி எழுதிவிட்டது. குறுக்கு விசாரணையில் வழக்கறிஞர் கேட்கும் கேள்விகள் என்ன? “வெளிச்சம் இருந்ததா? எவ்வளவு நேரம் பார்த்தீர்கள்? நிச்சயமாகத் தெரியுமா?” அத்தனைக்கும் பதில் முன்பே மாறிப்போயிருக்கிறது. சாட்சி பொய் சொல்லவில்லை. தான் நம்புவதைத்தான் சொல்கிறார். பொய்யைக் கண்டுபிடிக்க உருவான குறுக்கு விசாரணை, நேர்மையான பிழைக்கு முன்னால் செயலிழந்துபோகிறது.

அமெரிக்காவில் மரபணுச் சோதனையால் குற்றமற்றவர்கள் என்று நிரூபணமாகி விடுதலையானவர்களின் வழக்குகளில், சுமார் 70 விழுக்காட்டில் தவறான அடையாளம் காட்டல் இருந்திருக்கிறது. இந்தப் புள்ளிவிவரமும் எல்லாக் கட்டுரையிலும் வரும். இதற்கு அடுத்ததாக பிராண்டன் கேரட் என்ற சட்டப் பேராசிரியர் 2011-ல் வெளியிட்டதைப் பாருங்கள். அப்படிப்பட்ட 161 வழக்குகளின் விசாரணைப் பதிவுகளை எடுத்துப் படித்தார். நீதிமன்றத்தில் சாட்சிகள் உறுதியாக நின்ற வழக்குகள் அவை. ஆனால் 57 விழுக்காட்டு வழக்குகளில், முதன்முதலில் அடையாளம் காட்டும்போது சாட்சி உறுதியாக இல்லை என்பது அதே பதிவுகளிலேயே இருந்தது. தயங்கினார்கள், வேறு ஆளைக் காட்டினார்கள், முகத்தைச் சரியாகப் பார்க்கவில்லை என்றார்கள். 2017-ல் ஜான் விக்ஸ்டெடும் வெல்ஸும் சேர்ந்து எழுதிய நீண்ட மதிப்பாய்வு இன்னும் தெளிவாகச் சொன்னது: முறையாக நடத்திய முதல் அடையாளத்தின்போது சாட்சி காட்டும் உறுதிக்கும் துல்லியத்துக்கும் வலுவான தொடர்பு உண்டு, பின்னால் நீதிமன்றத்தில் காட்டும் உறுதிக்கு அந்த மதிப்பு இல்லை. நினைவையும் தடயமாகவே நடத்த வேண்டும் என்று வெல்ஸ் வாதாடி வந்திருக்கிறார். ரத்தக் கறையைச் சுற்றிக் கயிறு கட்டுகிறோம், கையுறை போட்டு எடுக்கிறோம், முத்திரை வைக்கிறோம். சாட்சியிடம் மட்டும் யார் வேண்டுமானாலும், எத்தனை முறை வேண்டுமானாலும், எப்படி வேண்டுமானாலும் கேட்கிறோம்.

இங்கிலாந்து இதை முன்பே உணர்ந்தது. 1976-ல் டெவ்லின் பிரபு தலைமையிலான குழு அறிக்கை தந்தது. அதே ஆண்டு டர்ன்புல் வழக்கில், அடையாளம் காட்டலை முழுவதுமாகவோ பெருமளவிலோ நம்பி நிற்கும் வழக்குகளில் நடுவர் குழுவை நீதிபதி எச்சரிக்க வேண்டும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் வகுத்தது. புலனாய்வில் சம்பந்தப்படாத அதிகாரிதான் அடையாள நடைமுறையை நடத்த வேண்டும் என்பதும், சாட்சி முதலில் சொன்ன வருணனையைப் பதிந்து வைக்க வேண்டும் என்பதும் அங்கே விதி.

இனி நம் நாட்டுக்கு வருவோம். சட்டக் கல்லூரி நண்பர்கள் இதைக் கவனிக்க வேண்டுகிறேன். சாட்சியைக் காவல்துறை விசாரித்துப் பதியும் வாக்குமூலத்தை நீதிமன்ற வட்டாரத்தில் பழைய பிரிவு எண்ணை வைத்து இன்னும் ‘161 ஸ்டேட்மென்ட்’ என்றுதான் சொல்கிறார்கள். 2024 ஜூலை 1 முதல் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அது பிரிவு 180. ஒரு வழக்குக் கட்டை எடுத்து அந்த வாக்குமூலங்களைப் படித்துப் பாருங்கள். “நான் மேற்கண்ட முகவரியில் குடியிருந்து வருகிறேன்” என்று தொடங்கும். “மீண்டும் பார்த்தால் அடையாளம் காட்டுவேன்” என்று முடியும். கீரை விற்கும் அம்மாவும் வங்கி மேலாளரும் ஒரே நடையில் பேசியிருப்பார்கள். ஏனென்றால் அது அவர்கள் பேசியது அல்ல. என்ன கேட்டார்கள் என்பது அதில் இருக்காது. எங்கே தயங்கினார், எதைத் தெரியாது என்றார், எந்தச் சொல்லை ஸ்டேஷன் ரைட்டர் போட்டார் என்பதும் இருக்காது. சாட்சி அதில் கையெழுத்துப் போடுவதும் இல்லை. லாஃப்டஸ் ஆய்வைப் படித்த ஒருவருக்கு இதன் ஆபத்து உடனே விளங்கும்: சாட்சியின் முதல் சொல் அங்கேயே தொலைந்துபோகிறது. அந்த வாக்குமூலத்தை ஒலி-ஒளிப் பதிவாகவும் எடுக்கலாம் என்று பழைய சட்டத்திலேயே திருத்தம் வந்துவிட்டது. புதிய சட்டத்திலும் இருக்கிறது. ‘எடுக்கலாம்’ என்பது ‘எடுக்க வேண்டும்’ என்று எல்லாச் சாட்சிகளுக்கும் ஆக வேண்டும் என்று நான் விரும்புகிறேன்.

அடையாள அணிவகுப்பைப் பொறுத்தவரை நம்மிடம் ஒரு நல்ல அம்சம் இருக்கிறது. நம் வழக்கத்தில் பெரும்பாலும் அதைக் காவல்துறை நடத்துவதில்லை. குற்றவியல் நடுவர் சிறைக்கே போய், ஒத்த தோற்றமுள்ள மற்றவர்களோடு நிற்க வைத்து நடத்துகிறார். வெல்ஸ் கேட்கும் பாதுகாப்பில் ஒரு பகுதி இதில் கிடைத்துவிடுகிறது. ஆனால் அதற்குள் சாட்சி அந்த முகத்தைச் செய்தித்தாளிலோ கைபேசியிலோ பார்த்துவிட்டால் எல்லாம் வீண். இன்றைக்குக் கைது நடந்த அரை மணி நேரத்தில் படம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது.

இதைவிட ஆழமான சிக்கல் சாட்சியங்களின் தர வரிசையில் இருக்கிறது. நம் சட்டப்படி நீதிமன்றத்தில் கூண்டைப் பார்த்துக் காட்டும் அடையாளம்தான் முதன்மைச் சான்று; அணிவகுப்பு அதை வலுப்படுத்தும் துணைச் சான்று மட்டுமே. அணிவகுப்பே நடத்தவில்லை என்பதால் மட்டும் நீதிமன்ற அடையாளம் செல்லாமல் போய்விடாது என்று உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. சம்பவம் நடந்து ஆண்டுகள் கழிந்து, குற்றவாளிக் கூண்டில் யார் நிற்கிறார் என்று நீதிமன்றத்தில் இருக்கும் எல்லோருக்கும் தெரிந்த நிலையில், விரல் நீட்டுவது முதன்மை. நினைவு புதிதாக இருந்தபோது, பலருக்கு நடுவே காட்டியது துணை. உளவியல் ஆய்வுகள் சொல்வது இதற்கு நேர் எதிர். இந்த வரிசை மாற வேண்டும். இதை எழுதுங்கள், வாதாடுங்கள், விவாதத்துக்குக் கொண்டுவாருங்கள்.

நம் நீதிமன்றங்களுக்குச் சாட்சியை எடை போடத் தெரியாது என்று இதற்குப் பொருளல்ல. வடிவேலு தேவர் எதிர் சென்னை மாநிலம் என்ற 1957-ஆம் ஆண்டு வழக்கில், உச்ச நீதிமன்றம் சாட்சிகளை மூன்று வகையாகப் பிரித்தது: முழுமையாக நம்பத்தக்கவர், முழுமையாக நம்பத்தகாதவர், இரண்டிலும் சேராதவர். முதல் வகையினர் என்றால் ஒரே ஒருவர் போதும்; மூன்றாம் வகையினருக்குத்தான் வேறு ஆதாரம் தேவை. தலை எண்ணிக்கை முக்கியமில்லை என்ற அந்தப் பார்வை மிகச் சரியானது. என் ஒரே மனக்குறை, சாட்சியை வகை பிரித்தார்கள், விசாரணையை வகை பிரிக்கவில்லை என்பதுதான். ஒரே மனிதர், நல்ல விசாரணையில் முதல் வகையிலும், கெட்ட விசாரணையில் இரண்டாம் வகையிலும் போய் நிற்பார்.

நல்ல விசாரணை என்று ஒன்று உண்டா? உண்டு. ரொனால்ட் ஃபிஷர், எட்வர்ட் கைசல்மன் இருவரும் 1980-களில் உருவாக்கிய நேர்காணல் முறையைத் தேடிப் படியுங்கள். சாட்சியைத் தடுக்காமல் முழுவதும் பேசவிடுவது, சம்பவ இடத்தை மனதில் கொண்டுவரச் செய்வது, பின்னாலிருந்து முன்னால் சொல்லச் செய்வது, ‘தெரியாது’ என்ற பதிலை மதிப்பது ஆகியவை அதன் அடிப்படை. பதிலை உள்ளே வைத்துக் கேட்கும் கேள்விக்கு அதில் இடமில்லை.

கடைசியாக, கட்டுரை எழுதப்போகிறவர்களுக்குச் சில காரியங்கள். நீங்களே சிறிய சோதனை செய்ய விரும்பினால் தாராளமாகச் செய்யலாம். சாலைப் பாதுகாப்புப் படம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். காயமோ ரத்தமோ இல்லாததாக இருக்கட்டும். பார்ப்பவர்களிடம் முன்கூட்டியே சம்மதம் வாங்குங்கள். யார் எந்தக் குழு என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானியுங்கள். முன் பெஞ்சு ஒரு குழு, பின் பெஞ்சு ஒரு குழு என்று பிரித்தால் சோதனை கெட்டுவிடும். கேள்வியை வாயால் கேட்காமல் தாளில் அச்சடித்துக் கொடுங்கள். உங்கள் குரல் ஏறி இறங்குவதே ஒரு குறிப்பாகிவிடும். ‘மோதியபோது’ என்று ஒரு தாள், ‘உரசியபோது’ என்று ஒரு தாள். முக்கியமான கேள்வியைப் பத்துக் கேள்விகளுக்கு நடுவே மறைத்து வையுங்கள். ஒரு வாரம் விட்டு மறுபடியும் கேளுங்கள். முடிந்ததும் உண்மை நோக்கத்தை எல்லோருக்கும் விளக்கிச் சொல்லுங்கள். வித்தியாசம் வரவில்லை என்றால் வரவில்லை என்றே எழுதுங்கள். அதுவும் முடிவுதான்.

ஆய்வுக் கட்டுரைகளை கூகுள் ஸ்காலரில் தேடலாம்; கல்லூரி நூலகத்தின் மின்னிதழ்ச் சந்தா வழியாகவும் பல ஆய்விதழ்கள் கிடைக்கும். உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளை இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம். பாடநூல் ஓர் ஆய்வைச் சுருக்கிச் சொன்னால், மூலத்தைத் தேடி எடுத்து அட்டவணையைப் பாருங்கள். மூலம் கிடைக்கவில்லை என்றால், எந்தப் பாடநூலின் வழியாகப் படித்தீர்கள் என்பதை மறைக்காமல் எழுதுங்கள். கேட்டதைப் பார்த்ததாகச் சொல்லும் சாட்சியை நீதிமன்றம் ஏற்காது. அறிவுத் துறையும் ஏற்கக் கூடாது.

லாஃப்டஸ்-பால்மர் கட்டுரை, யூயில்-கட்ஷால் கட்டுரை இரண்டின் அச்சுப் பிரதிகளையும் துறை நூலகத்தில் கொடுத்திருக்கிறேன். ஒன்று 5 பக்கம், மற்றது 11 பக்கம். பேனாவை எடுப்பதற்கு முன் இரண்டையும் முழுதாகப் படித்துவிடுங்கள். பிறகு வாருங்கள், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம்.